வெளிப் பெஞ்சில் ரங்கம்மாள்

கோயமுத்தூரை ஒட்டிய கணபதி என்கிற ஊரில் இருந்த ரங்கம்மாளுக்கு நகை மேல் ஆசை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு எதிரே வந்தாலும் முந்தானை நிறத்தைச் சொல்லத் தெரியாது அவளுக்கு. ஆனால் ஒரு பெண்பிள்ளை, சர்ட்டிபிகேட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் ஆபீஸ் கதவைத் தள்ளி உள்ளே போவதைப் பார்த்துவிட்டால் போதும், அடிவயிற்றில் பற்றிக்கொண்டு எரியும். இப்படிப்பட்ட பொறாமைக்காரிக்கு ஆண்டவன் என்ன வேலை கொடுத்தான் தெரியுமா? அந்தப் பெண்பிள்ளைகளை அந்தக் கதவு வரைக்கும் பத்திரமாகக் கூட்டிப் போகிற வேலை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி நடக்க ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தறி நெய்கிறவர் மகள், மில்லில் பஞ்சு அள்ளுகிறவர் மகள், மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் மகள் என்று, குடும்பத்தில் முதல் ஆளாகக் காலேஜ் வாசலை மிதித்த பிள்ளைகள் அங்கே நிறைய. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்த பெற்றோர்கள், இன்டர்வியூ என்றதும் பயந்துபோனார்கள். வயசுப் பெண்ணை வெளியூர் ஆபீசுக்குத் தனியாக எப்படி அனுப்புவது? கூடப் போனால் அப்பனுக்கு அன்றைய கூலி போகும். அம்மாவுக்கோ ஆபீஸ் என்றால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. "கல்யாணமான ஒரு பொம்பளை தொணைக்கு வந்தா அனுப்பறமுங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ரங்கம்மாளின் புருஷன் சென்னகிருஷ்ணன் சொந்தமாகச் சின்ன இரும்புப் பட்டறை வைத்திருந்தார். அந்தக் கல்லூரி ஹாஸ்டலுக்கு இரும்புக் கட்டில் செய்து கொடுக்கப் போனவர், பிரின்சிபால் அம்மா இந்தக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "எங்க ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறாங்க. எஸ்.எஸ்.எல்.சி. பாஸு. பஸ் ஏறி எறங்கப் பயமில்லீங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு, பொழுது போகட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பாவம், பெண்டாட்டி வயிற்றில் என்ன எரிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

போனாள். ரங்கம்மாள் நல்ல உயரம். கஞ்சி போட்ட சுங்கடிச் சேலை, நெற்றியில் காலணா அகலப் பொட்டு. அவளைப் பார்த்ததும் எந்தத் தகப்பனுக்கும் மனசு குளிர்ந்துவிடும். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கண்டக்டரிடம் மட்டும் இரண்டிலும் சண்டை. ஒரு பயல் பஸ்ஸில் பிள்ளைகள் பக்கம் திரும்ப முடியாது. இப்படி வருஷக்கணக்கில், ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று ஊர் ஊராகப் போய், ஒவ்வோர் ஆபீசின் வெளிப் பெஞ்சிலும் உட்கார்ந்து எழுந்தவள் அவள்.

அந்தக் காலத்து ஆபீஸ்களில் அதிகாரி அறைக்கு அரைக்கதவுதான் இருக்கும். ஸ்பிரிங் வைத்து, இடுப்புக்கும் கழுத்துக்கும் நடுவே மறைக்கிற கதவு. மேலேயும் திறப்பு, கீழேயும் திறப்பு. உள்ளே தும்மினால் வெளியே கேட்கும். ரங்கம்மாள் பெஞ்சின் கதவோரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொள்வாள். உள்ளே கேட்கிற கேள்விக்கெல்லாம் மனசுக்குள் பதில் சொல்வாள். வட்டிக் கணக்குக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் இவள் போட்டு முடித்திருப்பாள். பி.ஏ. படித்தவள் தடுமாறினால் இவளுக்கு நாக்கில் வெல்லம் வைத்த மாதிரி இருக்கும். "போயிட்டு வா கண்ணு, சாமி காப்பாத்தும்" என்று வாய் நிறைய வாழ்த்தி உள்ளே அனுப்பிவிட்டு, தோற்று வரட்டும் என்று வெளியே வேண்டிக்கொள்கிற மனசு. சாமிதான் பாவம், எதைக் கேட்பது என்று திகைத்திருக்கும்.

அப்படிக் கேட்டுக் கேட்டு, கல்லூரியில் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நன்றாகப் படித்த பிள்ளைகள் ஏன் தோற்றுப்போகிறார்கள் என்பது.

அதிகாரிகள் முதலில் இங்கிலீஷில் கேட்பார்கள். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே ஆனாலும் சரியாகச் சொல்லிவிடும். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, தமிழில் ஒன்று கேட்பார்கள். "வெளியூர்ல போட்டாப் போவியாம்மா?" அங்கேதான் எல்லாம் கெட்டது. குனிந்த தலை நிமிராமல், மரியாதையும் அடக்கமுமாக, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதில்தான் சொல்லும். "அப்பா சொல்றபடிங்க." "பெரியவங்களைக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க." வீட்டில் அப்படிச் சொல்கிற பெண்ணுக்குத்தான் நல்ல பெண் என்று பெயர். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அப்படிச் சொன்னால் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் கேட்கிறவர் மாமனார் இல்லையே, மேனேஜர் அல்லவா! இவளுக்கு வேலையில் இஷ்டமில்லை, நாளைக்கே கல்யாணம் என்று போய்விடுவாள் என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

ஏன் எடுக்கவில்லை என்று பிரின்சிபால் அம்மா மண்டையை உடைத்துக்கொண்டார். இங்கிலீஷ் போதவில்லை என்று இங்கிலீஷுக்குத் தனி வகுப்பு வைத்தார். ரங்கம்மாள் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கு எவள் சொன்னாள் என்கிற வயிற்றெரிச்சல்தான், வேறென்ன?

அந்த எரிச்சலுக்கும் ஒரு காரணம் உண்டு. அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம், பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா வீடு தேடி வந்து, "ரங்கம்மா, டீச்சர் டிரெயினிங் போறியா? நான் இடம் வாங்கித் தாரேன்" என்று கேட்டார். போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் அப்பா வரதராஜுலு பக்கத்தில் நின்றிருந்தார். ரங்கம்மாள் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு, "அப்பா சொல்றபடிங்க" என்றாள். அப்பா ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "எடம் பார்த்துட்டிருக்கறமுங்க டீச்சரம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த தையில் கல்யாணம்.

அதோடு போயிருந்தால் ஆறியிருக்கும். பல வருஷம் கழித்து, யாரோ ஒருவரின் கல்யாணப் பந்தியில், பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "நீ அன்னிக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்டிருப்பனம்மா. நீ வாயே தொறக்கலை. உனக்குப் பிரியமில்லைன்னல்ல நெனச்சுப்போட்டேன்." ரங்கம்மாள் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். அன்று பிடித்த எரிச்சல்தான் இது.

இப்படி இருக்கையில்தான் உம்மல் குல்சும் வந்து சேர்ந்தாள். கோட்டைமேட்டில் தகரப்பெட்டி செய்து விற்கிற சிக்கந்தரின் மகள். பொருளாதாரத்தில் பி.ஏ. வகுப்பிலேயே முதலாவது. அந்தத் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் காலேஜுக்குப் போனதில்லை. தெருவே திட்டியும் மகளைப் படிக்க வைத்தவர் சிக்கந்தர். ஆனால் அவருடைய அக்கா ஆமினா பீவி தன் மகனுக்குக் குல்சுமைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். குல்சும் ரங்கம்மாளோடு இரண்டு இன்டர்வியூக்கள் போனாள், பெருந்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று, திருப்பூரில் கம்பெனி ஒன்று. இரண்டிலும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக ஈரோட்டில் ஒரு பாங்கியின் தலைமை ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள். இதுவும் இல்லையென்றால் ரம்ஜான் கழிந்ததும் நிக்காஹ் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் சிக்கந்தர்.

ஈரோடு பஸ்ஸில் குல்சும் இதையெல்லாம் சொல்லி அழுதாள். "அக்கா, கட்டிக்கப் போறவரு நல்லவருதான். ஆனா எனக்கு வேலைக்குப் போவணும்க்கா. படிச்சதெல்லாம் தகரப்பெட்டியில போட்டுப் பூட்டவா படிச்சேன்? நான் எங்க தப்புப் பண்றேன்னே தெரியலை. கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொல்றேன். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரங்கம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அழுதாலும் அறிவு ஜொலிக்கிற முகம். இருபது வயசு. இன்னும் எந்தக் கதவும் முழுசாகச் சாத்திக்கொள்ளவில்லை. இவளுக்கு எல்லாம் இருக்கிறது, இதையும் நான் தூக்கிக் கொடுக்க வேண்டுமா என்று தோன்றியது.

"நமக்கு என்னம்மணி தெரியும்? எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாங்கியில் வழக்கம்போல வெளிப் பெஞ்சு, வழக்கம்போல அரைக்கதவு. குல்சும் உள்ளே போனாள். அன்றைக்கு அவள் பேசிய பேச்சு! கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. மேனேஜரே இரண்டு முறை "குட்" என்றார். வெளியே ரங்கம்மாளுக்கு உட்கார முடியவில்லை. இவ்வளவு அழகாகப் பேசுகிறாளே பாவி என்று ஒரு பக்கம் எரிந்தது. நானும் இப்படிப் பேசியிருப்பேனே என்று இன்னொரு பக்கம் எரிந்தது.

உள்ளே பேனா மூடுகிற சத்தம். நாற்காலி பின்னால் சாய்கிற சத்தம்.

"எல்லாம் சரிம்மா. மேட்டுப்பாளையம் கிளையில போட்டாப் போவியா?"

பிறகு குல்சுமின் குரல், பாதியாக இறங்கி, அடக்கமாக: "அது… அத்தாவைக் கேட்டுப்போட்டு…"

"போவேனுங்க!"

யார் கத்தியது என்று முதலில் ரங்கம்மாளுக்கே தெரியவில்லை. எதிரே ஸ்டூலில் இருந்த பியூன் துள்ளி எழுந்தான். கணக்கு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பெஞ்சை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். டீச்சரம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட பதில் இத்தனை வருஷம் தொண்டையிலேயே கிடந்து, இப்போது ஈரோட்டில் வந்து விழுந்திருந்தது.

"யாரது வெளியில? உள்ள வரச் சொல்லு" என்றார் மேனேஜர்.

அத்தனை ஊரில் அத்தனை கதவுகளைப் பார்த்தவள், முதல்முறையாக ஓர் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குல்சும் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

"நீங்க யாருங்கம்மா?"

"தொணைக்கு வந்தவளுங்க."

"மேட்டுப்பாளையம் போறது இந்தப் பொண்ணா, நீங்களா?" பக்கத்திலிருந்த இன்னொரு அதிகாரி சிரித்தார்.

ரங்கம்மாள் சிரிக்கவில்லை. "என்னையக் கேட்டாலும் போவேனுங்க."

மேனேஜர் விளையாட்டாகவே கேட்டார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"எஸ்.எஸ்.எல்.சி.ங்க. கணக்குல பள்ளிக்கூடத்துலயே முதல்ங்க."

"வயசு?"

"முப்பத்தஞ்சுங்க."

அவள் நின்ற நிலையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இருபத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்லீங்களேம்மா" என்றார்.

"தெரியுமுங்க" என்றாள் ரங்கம்மாள்.

அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு விளம்பரத்தையும் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் படித்தவள் அவள்தான். வயசு வரம்பு எழுதியிருக்கிற வரியில்தான் முதலில் கண் போகும்.

திரும்பி நடக்கப் போனவளுக்குப் பின்னால் குல்சுமின் குரல் கேட்டது. இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. "சார், நான் இப்பச் சொன்னதை விட்டுப்போடுங்க. மேட்டுப்பாளையம் போட்டாலும் போறேன். ஊட்டி போட்டாலும் போறேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். பெருந்துறை தாண்டும்போது குல்சும் கேட்டாள்.

"அக்கா, வெளியில இருந்தா உள்ள பேசறது கேக்குங்களா?"

"கேக்கும்."

"போன தடவையும் கேட்டுச்சா?"

ரங்கம்மாள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியதே பதில் என்று குல்சுமுக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்குக்கா சொல்லலை? காலையில அத்தனை அழுதேனே!"

"பொறாமைதான்" என்றாள் ரங்கம்மாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "நீ உள்ள போறே. நான் பெஞ்சுல குக்கிட்டு இருக்கறேன். அதான்."

குல்சும் எழுந்தாள். முன்னால் காலியாக இருந்த ஒரு சீட்டில் போய், தனியாக உட்கார்ந்துகொண்டாள். கோயமுத்தூர் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. துணைக்குப் போனவள் பின்னால் தனியாக வந்தாள்.

வேலை கிடைத்தது. மேட்டுப்பாளையத்திலேயேதான் போட்டார்கள். சொல்வதற்குக் குல்சும் வரவில்லை. சிக்கந்தர்தான் கணபதிக்கு வீடு தேடி வந்தார், தலையில் ஒரு புதுத் தகரப்பெட்டியோடு. பச்சைப் பெயின்ட் அடித்து, மூடியில் ரோஜாப்பூ வரைந்த பெட்டி.

"மகளுக்கு ஒண்ணு செஞ்சனுங்கம்மா, சாமான் எடுத்துட்டுப் போக. அதே மாதிரி உங்களுக்கும் ஒண்ணு."

"அக்கா மகனுக்குக் கேட்டாங்கன்னு சொல்லுச்சுங்களே. நீங்க எப்படி ஒத்துக்கிட்டீங்க?" என்று ரங்கம்மாள் கேட்டாள்.

சிக்கந்தர் சிரித்தார். "அக்காகிட்டத் திட்டு வாங்கியாச்சுங்க. போறேன்னு அது வாயால சொன்னதுக்கப்பறம் நான் எப்படீங்க வேண்டாம்பேன்? அது மனசுல என்ன இருக்குன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியவேயில்லீங்களே."

அவர் போன பிறகு ரங்கம்மாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பட்டறையிலிருந்து வந்த சென்னகிருஷ்ணன், "ஜோரா இருக்குதே! எந்த ஊருக்குப் பொறப்படறீங்க?" என்று கேலி செய்தார். மனுஷன் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். அவள் அழுத அழுகையில் பயந்துபோய், சாப்பாட்டைக் கூடக் கேட்காமல் பட்டறைக்கே திரும்பிவிட்டார். மறுநாள் அவள் பெட்டியில் அரிசியைக் கொட்டி மூடினாள். எலி அண்டாது, அந்த மட்டுக்கும் லாபம்.

கல்லூரியிலிருந்து மறுபடி ஆள் வந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தாள். குல்சும் எல்லாவற்றையும் பிரின்சிபால் அம்மாவிடம் சொல்லியிருப்பாள், எந்த முகத்தோடு போவது? ஆனால் அந்த அம்மா ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சிங்காநல்லூர் மில்லில் வேலை செய்கிறவர் மகள் வெங்கடம்மாளைக் கையில் பிடித்துக் கொடுத்து, பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

பஸ் உக்கடம் தாண்டியது. வெங்கடம்மாள் ஒல்லிப் பெண், பயத்தில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தது.

"ஏனுங்கக்கா, போன வாரம் குல்சும் அக்கா காலேஜுக்கு வந்திருந்தாங்க. உங்களோட போறேன்னு சொன்னனுங்க. பஸ்ஸுலயே ரங்கக்காகிட்டக் கேட்டுக்கோ, வெளிப் பெஞ்சுல உக்காந்து எல்லா இன்டர்வியூவும் கேட்டவங்க அவங்க ஒருத்தருதான்னு சொன்னாங்க."

"வேறென்ன சொன்னா?"

"கேட்டாச் சொல்லமாட்டாங்க, விடாமக் கேளுன்னாங்க."

ரங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. மேட்டுப்பாளையத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கழுதை என்ன தைரியமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறது! வெங்கடம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். இதற்கும் இருபது வயசு. இதற்கு முன்னாலும் கதவுகள் திறந்துதான் இருந்தன.

"சரி, இப்ப நான்தான் ஆபீசர்" என்றாள் சட்டென்று. "வால்பாறையில போட்டாப் போவியா?"

பெண் தலையைக் குனிந்துகொண்டது. "அப்பாவைக் கேட்டுப்போட்டு…"

"எறங்கு."

"என்னுங்கக்கா?"

"பஸ்ஸ நிறுத்தச் சொல்றேன், எறங்கு. உங்கப்பனைக் கேட்டுப்போட்டு நாளைக்கு வரலாம். கண்டக்டர், விசில் ஊதுங்க!"

வெங்கடம்மாள் பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டது. "வேண்டாமுங்கக்கா. போவேனுங்க."

"யாருக்கும் கேக்கலை."

"போவேனுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். அந்தக் குரலில் வேறு யாருடைய சம்மதமும் கலந்திருக்கவில்லை. ரங்கம்மாளுக்கு அடிவயிற்றில் பழையபடியே பற்றிக்கொண்டு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டு, "தலையை நிமுந்து சொல்லு. இன்னொருக்கா" என்றாள்.